கஜா புயல் போன மறுநாள்: எதில் அவசரப்பட்டோம், எதில் தாமதித்தோம்?

கோடியக்காடு_மணல் (இழையைத் தொடங்கியவர்)

2018 நவம்பர் 16, நள்ளிரவு 12.30-லிருந்து 2.30-க்குள் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. காற்று எவ்வளவு, சாவு எத்தனை, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் வேண்டிய மட்டும் பேசித் தீர்த்தாயிற்று. இந்த இழை அதற்கல்ல. பொழுது விடிந்த பிறகு நடந்த வேலைகளுக்கு மட்டும். கிணறு, தோப்பு, படகு, உப்பளம், கரண்ட், கூரை. எதை அன்றைக்கே செய்திருக்க வேண்டும், எதைப் பொறுத்துச் செய்திருக்க வேண்டும் என்று தொழில் தெரிந்தவர்கள் அளவோடு எழுதுங்கள். "அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல" என்று ஆரம்பிக்கும் பதிவுகளுக்கு வேறு இழை இருக்கிறது.

கிணற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் கெடுத்தது அங்கேதான்.

கடல்நீர் புகுந்த கிணற்றைப் பார்த்ததும் மோட்டாரைப் போட்டு இறைத்துக் கொட்டத்தான் கை போகும். வேதாரண்யம், கோடியக்காடு மணல்மேட்டுக் கிணறுகளில் அது தப்பு. அங்கே நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் ஒரு தட்டு. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. இதையே திருப்பிப் பாருங்கள். இறைத்து மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழேயுள்ள உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். மேலிருந்து வந்த உப்பை வெளியேற்றப் போய்க் கீழிருக்கும் உப்பை நாமே கூப்பிட்டுக்கொள்கிறோம்.

ஆகவே மிதக்கும் குப்பை, சேறு, செத்த கோழி இவற்றை வாளியிலும் பாதாளக்கரண்டியிலும் எடுக்கணும். தண்ணீரை ஒரே ஒரு தடவை, சின்ன மோட்டாரில், மெதுவாக இறைக்கணும். அந்தத் தண்ணீரைக் கிணற்றடியிலேயே விட்டால் மணல் வழியாக அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். தாழ்வான பக்கமாகக் குழாய் போட்டுத் தள்ளி விடணும். அதோடு நிறுத்திவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். நவம்பர் மழை மிச்சமிருந்தது நம் அதிர்ஷ்டம்.

---

உறை_மேஸ்திரி

அண்ணே சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். உறைக்கிணறா (சிமெண்ட் வளையத்தை ஒண்ணு மேல ஒண்ணா இறக்கினது) இருந்தா அடியோட வத்த இறைக்கவே கூடாது. சுத்தி மணல் முழுக்க தண்ணி குடிச்சு நிக்குது. உள்ள தண்ணி இருக்கிற வரைக்கும்தான் உறைக்கு ரெண்டு பக்கமும் சமமான அழுத்தம். உள்ள காலி பண்ணினா வெளித்தண்ணி மணலையும் இழுத்துக்கிட்டு இடுக்கு வழியா வரும், உறை நகந்துடும், மேல மண் உள்வாங்கும். நாலு உறை உயரத்துக்குத் தண்ணி நின்னா ரெண்டு உறை வரைக்கும் இறைச்சு நிறுத்தணும்.

---

செம்போடை_டீக்கடை

ஆடு செத்துக் கிடந்த கிணறுன்னா? பாதி இறைச்சா போதுமா?

---

கோடியக்காடு_மணல்

போதாதுதான். ஆனால் ஒரே மூச்சிலும் வேண்டாம் தம்பி. பாதி இறைத்து, ஊறவிட்டு, மறுநாள் பாதி என்று மூன்று நான்கு நாள் மாற்றுங்கள். உறையின் உள்சுவரைப் பிளீச்சிங் கரைசலில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். அதன்பிறகு மருந்து.

மருந்துக் கணக்கு: கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் கனமீட்டர். 1.5 மீட்டர் விட்டம், 2 மீட்டர் தண்ணீர் என்றால் 3.53 கனமீட்டர், அதாவது சுமார் 3,530 லிட்டர். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம், இந்தக் கிணற்றுக்கு 9 கிராம் வரும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு அது பத்தாது. கூட்டிக்கொண்டே போய், போட்டு அரை மணி கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் அளவு. பவுடரை அப்படியே தூவாதீர்கள். வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டணும்.

திறந்து வைத்த மூட்டைப் பவுடருக்கு வீரியம் போய்விடும். முகாம் முகாமாகக் கொடுத்த பவுடரில் கட்டி தட்டிப் போனதும் இருந்தது. மணமில்லாத பவுடரை எவ்வளவு கொட்டினாலும் சுண்ணாம்புதான்.

இன்னொன்று, குளோரின் கிருமிக்குத்தான், உப்புக்கு அல்ல. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், பேனா மாதிரியான டிடிஎஸ் மீட்டர் ஊருக்கு ஒன்றாவது இருக்கணும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. கடல்நீர் 35,000. வாரத்துக்கு ஒருமுறை எழுதி வைத்தால் கிணறு தேறுகிறதா என்று தெரியும், நாக்கை நம்ப வேண்டாம். உப்புக்குப் பழகிய நாக்கு பொய் சொல்லும்.

---

கம்பியாள்

குடிநீர் நின்றதற்குக் கிணறு மட்டும் காரணமில்லை. வேதாரண்யம் பக்கம் கொள்ளிடம் கூட்டுக் குடிநீரை நம்பியிருக்கிற ஊர்கள். கரண்ட் போனால் பம்ப் நிற்கும், மேல்நிலைத் தொட்டி காலி. அதனால் கரண்ட் கதைக்கு வருவோம்.

கஜாவில் சாய்ந்த மின்கம்பங்கள் லட்சத்துக்கு மேல். "எங்க தெருவுக்கு ஏன் வரல" என்று ஒயர்மேனைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். வரிசை இதுதான்: முதலில் துணைமின் நிலையம், அதற்கு வரும் உயரழுத்தக் கம்பி, பிறகு 11,000 வோல்ட் லைன், பிறகு டிரான்ஸ்பார்மர், பிறகு தெருக்கம்பி, கடைசியில் வீட்டு சர்வீஸ். தெருக்கம்பியை முதலில் நட்டுக்கொடுத்தாலும் பின்னால் மின்சாரம் இருக்காது. கேரளாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்; கையாள் பற்றாக்குறையைவிடக் கம்பம் வந்து சேர்வதும், வயலுக்குள் நிற்கும் தண்ணீரில் அதைத் தூக்கிப் போவதும்தான் இழுத்தடித்தது. ஒரு சிமெண்ட் கம்பத்தை வண்டி போகாத வரப்பில் தோளில் சுமப்பதற்குப் பத்துப் பதினைந்து பேர் வேண்டும்.

கம்பம் நடுவதில் அவசரம் காட்டிய இடங்கள் அடுத்த மழையிலேயே சாய்ந்தன. நீளத்தில் ஆறில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போகணும். 8 மீட்டர் கம்பத்துக்கு 1.35 மீட்டருக்குக் குறையக்கூடாது, ஈர மணலில் 1.5 மீட்டர் வைப்பது நல்லது. குழியில் மணலை மட்டும் தள்ளி மிதித்தால் நிற்காது. கருங்கல் ஜல்லி போட்டு, அடுக்கடுக்காக இடித்து இறுக்கணும். முனைக்கம்பத்துக்கும் திருப்பத்தில் நிற்கும் கம்பத்துக்கும் இழுகம்பி கட்டாயம்.

இனி முக்கியமானது. ஜெனரேட்டர். வீட்டு வயரிங்கில் அப்படியே சொருகினால் மின்சாரம் உங்கள் மீட்டர் வழியாக வெளியே போகும். டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும் சாமான். கீழ்ப்பக்கம் 230 வோல்ட் கொடுத்தால் மேல்பக்கம் 11,000 வோல்ட் வரும். கம்பத்தின் மேல் இருப்பவருக்கு லைன் செத்துக் கிடக்கிறது என்ற நம்பிக்கை. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைப்பது) இல்லாமல் ஜெனரேட்டர் கொடுக்கவே கூடாது. அது இல்லையென்றால் ஜெனரேட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்துத் தனி பிளக் பாக்ஸில் பல்பும் மோட்டாரும் போடுங்கள், வீட்டு வயரிங்கைத் தொடாதீர்கள்.

---

செம்போடை_டீக்கடை

ஊர் மொத்த லோடும் அந்தச் சின்ன ஜெனரேட்டர் மேல விழுந்தா அதுவே நின்னுடுமே சார். எப்படி 11,000 வரும்?

---

கம்பியாள்

சாதாரண நாளில் நின்றுவிடும், சரிதான். புயலுக்குப் பிறகு தெருவில் கம்பி பாதியில் அறுந்து கிடக்கும், பக்கத்து வீடுகள் மெயினை இறக்கி வைத்திருக்கும். அப்போது லோடு எங்கிருந்து வரும்? ஜெனரேட்டர் சுகமாக ஓடும், டிரான்ஸ்பார்மர் மேல்பக்கம் உயிரோடு இருக்கும். அதனால்தான் லைன் ஆட்கள் இரண்டு பக்கமும் கம்பியைச் சேர்த்து எர்த் பண்ணிவிட்டு ஏறணும் என்பது விதி. இரவு பகலாக வேலை பார்த்துக் களைத்தவர்கள் விடுவது அந்த ஒரு படியைத்தான்.

வீட்டுக்குள்: தண்ணீர் ஏறிய சுவிட்ச் போர்டைக் காயவைத்துவிட்டுப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். கடல்நீர் காய்ந்தாலும் உப்பு உள்ளே நிற்கும், பனி விழுந்தால் ஈரம் இழுக்கும், கசிவு வரும். சுவிட்ச், சாக்கெட் மாற்றணும். ஒயரை மெகர் (கசிவு பார்க்கும் மீட்டர்) வைத்துப் பார்த்து 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்தப் பிரிவைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதை மட்டும் போடுங்கள்.

---

பேராவூரணி_தோப்பு

தென்னைக்கு வரேன். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் ஒவ்வொருத்தனுக்கும் சொத்தே அதுதான், அதனால கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கங்க.

விழுந்த மரம் மூணு வகை. ஒண்ணு, நடுவுல முறிஞ்சது, இல்ல கொண்டை திருகிப் போனது. தென்னைக்கு ஒரே குருத்து. அது போனா மரம் போச்சு, எந்த டாக்டரும் வேண்டாம். ரெண்டு, வேரோட பெயர்ந்து தரையில படுத்தது. பெரிய மரம்னா விட்டுடணும். ஆணிவேர் கிடையாது, அடிக்கட்டையைச் சுத்தி சரம் சரமா ஓடுற வேர்தான், பாதி அறுந்துட்டா அவ்வளவு உசரத்தைத் தாங்காது. புயலோட கண் கடந்த ஊர்கள்ல காத்து முதல்ல வடக்கேருந்து அடிச்சு, ஓஞ்சு, அப்புறம் தெக்கேருந்து அடிச்சுது. ஒரு பக்கம் வேர் தளர்ந்து நின்னதை மறு பக்கம் வந்து தள்ளுச்சு. மூணாவது, சாஞ்சு நிக்கிற சின்ன மரம். அஞ்சாறு வருஷத்துக்கு உட்பட்டது. அதைத்தான் காப்பாத்தலாம், அதுவும் வேர் காயறதுக்குள்ள, ஒரு வாரம் பத்து நாளைக்குள்ள.

நிமிர்த்துற முறை: குலையெல்லாம் இறக்கு. அடிமட்டையைக் கழிச்சு உச்சியில எட்டுப் பத்து மட்டை வை. காத்து வந்த பக்கம் வேர்த்தட்டு தூக்கிட்டு நிக்கும் பாரு, அதுக்கு அடியில மண்ணைத் தோண்டி இடம் பண்ணு. இதைச் செய்யாம இழுத்தா வேர்த்தட்டு திரும்ப உக்கார இடமில்லாம மீதி வேரும் அறும். மரத்துல சாக்கு சுத்தி, அதுமேல அகலமான பெல்ட் போட்டு, செயின் பிளாக்குல கொஞ்சம் கொஞ்சமா இழு. நிமிந்ததும் மணலும் மண்ணும் போட்டு மிதி. மூணு பக்கம் சவுக்குக் கம்பு முட்டு. அந்த முட்டுக்கம்பை ஒரு வருஷத்துக்கு எடுக்கக்கூடாது. தண்ணி மட்டும் விடு, உரம் வேண்டாம், அறுந்த வேருக்கு அது சுமை. காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கரைச்சு வேர்ப்பக்கமும் குருத்துப் பக்கமும் ஊத்து.

ஜேசிபி வச்சுத் தள்ளி நிமிர்த்தினது நிறைய. பக்கெட்டு பட்ட இடத்துல பட்டை நசுங்கி சாறு வடியும். அந்த வாசனைக்கு சிவப்புக் கூன்வண்டு வரும். நிமிந்த மரம் மூணு நாலு மாசத்துல உள்ள அரிச்சு சாஞ்சுது.

---

வண்டுக்காரர்

தோப்பு அண்ணன் சொன்ன குருத்து விஷயத்தோடு: நிற்கிற மரத்திலும் காற்றில் மட்டை முறுக்கி, குருத்தடியில் காயம் பட்டிருக்கும். அடுத்து மழை. குருத்தழுகல் வர வேறென்ன வேண்டும்? நடுக்குருத்து வெளுத்து, இழுத்தால் கையோடு வந்து, நாற்றம் அடித்தால் அழுகிய பகுதியைச் சீவி எடுத்துவிட்டு 10 சதவீத போர்டோ பசை தடவணும். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டரில் தனித்தனியாகக் கரைத்துச் சேர்ப்பது. மற்ற மரங்களுக்கு முன்காப்பாக 1 சதவீதக் கலவை தெளிக்கலாம், 100 லிட்டருக்கு இரண்டும் ஒவ்வொரு கிலோ. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றணும், மாற்றி ஊற்றினால் திரியும். இரும்பு, தகர வாளி ஆகாது. பிளாஸ்டிக் அல்லது மண்சாடி. கலவையில் ஒரு கத்தியை நனைத்துப் பாருங்கள், செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அன்றே தெளித்து முடிக்கணும்.

ஆனால் கஜாவுக்குப் பிறகு எல்லோரும் தாமதித்தது இதிலல்ல, கட்டையில். வெட்டிய மரத்தை வாய்க்கால் ஓரத்திலும் வேலி ஓரத்திலும் உருட்டிவிட்டார்கள். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மக்கும் தென்னங்கட்டையிலும் எருக்குழியிலும்தான். கட்டை மக்க ஆரம்பித்ததும் உள்ளே புழு வளர்ந்து, அடுத்த ஆண்டு வண்டாகக் கிளம்பி, பிழைத்து நின்ற மரத்தின் குருத்தையும் புதிதாக நட்ட கன்றையும் ஒருசேரத் துளைக்கும். விரிந்த மட்டையில் கத்தரியால் வெட்டியது போல முக்கோணத் துண்டு காணாமல் போயிருந்தால் அதுதான்.

---

பேராவூரணி_தோப்பு

ஏன் தாமதமாச்சுன்னும் சொல்லணும்ல. அப்போ நிவாரணம் விழுந்த மரம் ஒண்ணுக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100. எக்டேருக்கு 175 மரம் கணக்குல 1,92,500. கணக்கெடுக்க ஆள் வர்றதுக்குள்ள வெட்டிட்டா மரம் இருந்துச்சுன்னு எதை வச்சுக் காட்டுறது? அந்தப் பயத்துல ஆறு வாரம் படுக்கையிலயே விட்டவங்க உண்டு. அப்புறம் வெட்டுக்கூலி ஏறிப் போச்சு, மர வியாபாரி விலையை இறக்கிட்டான்.

இதுக்கு வழி இருக்கு. வெட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அடிக்கட்டையிலும் பெயிண்ட்ல நம்பர் போடு, நாலு மூலையும் தெரியற மாதிரி போட்டோ எடு, சர்வே நம்பர் எழுதின அட்டையை முன்னாடி வச்சு எடு. வி.ஏ.ஓ.கிட்ட பட்டா, அடங்கல் நகலோட எழுதிக் கொடுத்து கையெழுத்து வாங்கு. தண்டை எடுத்துட்டாலும் அடிக்கட்டையை மட்டும் நிக்க விடு. எண்ணிக்கைக்கு அதுபோதும்.

---

வண்டுக்காரர்

ஏற்கிறேன். அடிக்கட்டை நிற்கட்டும், ஆனால் தண்டு போகட்டும். விற்க முடியாத தண்டை நீளவாக்கில் பிளந்து, பிளந்த பக்கம் மேலே இருக்கும்படி வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும். காய்ந்த கட்டையில் வண்டு குடியேறாது. முழுசாகப் போட்டுக் கொளுத்தப் பார்த்தார்கள், பச்சைத் தென்னை எரியாது, பட்டை மட்டும் கருகி உள்ளே ஈரம் நிற்கும். வண்டுக்கு அதைவிட வசதி வேறில்லை. குவித்தே ஆகவேண்டுமென்றால் குவியலில் மெட்டாரைசியம் பச்சைப்பூஞ்சாணக் கரைசலை ஊற்றி ஈரம் காக்கணும், புழுவின் மேல் பூஞ்சாணம் பிடித்துச் சாகும்.

பிழைத்த மரத்துக்கு: உள்மட்டைகள் மூன்றின் அடியில் ரசகற்பூர உருண்டை (அந்துருண்டை) மூன்று வைத்து மேலே மணல் போடுங்கள், 45 நாளுக்கு ஒருமுறை. அல்லது வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, மரத்துக்கு 150 கிராம். தோப்புக்குள் ஆங்காங்கே மண்பானையில் ஆமணக்குப் புண்ணாக்கு 1 கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி வையுங்கள், வண்டு வந்து விழும். தினமும் பொறுக்கிக் கொல்லணும், இல்லாவிட்டால் ஊர் வண்டுக்கு விருந்து வைத்த கதை. பச்சை மட்டை வெட்டாதீர்கள். வெட்டியே தீரணுமென்றால் தண்டிலிருந்து 4 அடி விட்டு வெட்டணும், கூன்வண்டு முட்டையிட வெட்டுவாயைத்தான் தேடும்.

---

ரம்பம்_72

மரம் அறுத்தவர்கள் பட்ட காயங்கள் புயலில் பட்டதற்குச் சளைத்ததில்லை. படுத்த மரத்தில் ஒரு பக்கம் இழுவிசை, ஒரு பக்கம் அழுத்தம். இரண்டு முனையும் தாங்கி நடுவில் தொங்கும் மரத்தை மேலிருந்து அறுத்தால் ரம்பம் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு, மீதி கீழிருந்து மேலே அறுக்கணும். ஒரு முனை தொங்கினால் முறை தலைகீழ். புளி, மா, தூங்குமூஞ்சி மாதிரி பெரிய வேர்த்தட்டோடு சாய்ந்த மரத்தில் தண்டை அறுத்ததும் வேர்த்தட்டு பழைய குழிக்குள் படாரென்று திரும்ப உட்காரும். அந்தக் குழியில் பிள்ளைகள் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்க அங்கேதான் நிற்பார்கள்.

தென்னையில் செயின் சீக்கிரம் மழுங்கும். நாரும் ஒட்டியிருக்கும் மணலும் சேர்ந்து நாலைந்து மரத்துக்கு ஒருமுறை அரம் போடச் சொல்லும். தூசி மாவு மாதிரி வந்தால் மழுங்கிவிட்டது, சீவல் மாதிரி வந்தால் சரி. அழுத்தி அறுக்காதீர்கள்.

பலகைக்கு எடுப்பவர்கள் அடிப்பக்கம் 20 அடியை மட்டும் எடுங்கள், அதிலும் வெளிவட்டம்தான் வைரம். நடுச்சோறு பந்தல் காலுக்குக்கூட ஆகாது. ஒன்றிரண்டு வாரத்துக்குள் அறுத்து, இடையே குச்சி வைத்து நிழலில் அடுக்கணும். தாமதித்தால் பூஞ்சாணம் பிடித்து நீலம் பாயும்.

---

ஃபைபர்_துறை

படகுக்கு இரண்டே விஷயம்.

இன்ஜின்: கடலில் மூழ்கிய இன்ஜின் தண்ணீருக்குள் இருக்கும்வரை பெரிதாகத் துருப்பிடிக்காது. வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும்தான் ஆரம்பம். மணல்மேட்டில் தூக்கிவைத்து மெக்கானிக் வருவார் என்று பத்து நாள் காத்திருந்ததில்தான் பிஸ்டன் இறுகியது. மெக்கானிக் கிடைக்கவில்லையா, நல்ல தண்ணீர் நிரப்பிய தொட்டிக்குள்ளேயே இறக்கி வையுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், சரியான வழி அதுதான். திறக்கும்போது முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, இன்ஜெக்டரைக் கழற்றி, ஃபிளைவீலைக் கையால் சுற்றுங்கள். தண்ணீர் பீச்சி வெளியேறும். இதைச் செய்யாமல் ஸ்டார்ட்டரைப் போட்டால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கும். கொட்டி, புது ஆயில், பத்து நிமிடம் ஓட்டி, மறுபடி கொட்டி, நிறம் தெளியும்வரை. மூன்று தடவை ஆகும்.

ஓடு (ஃபைபர் படகின் உடல்): விரிசலை மேலே பூசி மறைத்தால் அலையில் உரிந்துவிடும். கனத்தைப் போல 12 மடங்கு நீளத்துக்குச் சாய்வாகத் தேய்க்கணும். 5 மில்லிமீட்டர் கனமென்றால் விளிம்பிலிருந்து 60 மில்லிமீட்டர். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி நன்றாகக் காயவிடணும். நவம்பரில் இதற்கு நாள் பிடிக்கும், தார்பாய்க்குள் பல்பு வைத்துக் காயவைக்கலாம். மேட் (கண்ணாடியிழை விரிப்பு), ரெசின் அடுக்கு அடுக்காக, காற்றுக் குமிழ் இல்லாமல் ரோலர் ஓட்டி. ஹார்ட்னர் 1 முதல் 2 சதவீதம். கோபால்ட்டையும் (இறுகுவதைத் துரிதப்படுத்துவது) ஹார்ட்னரையும் நேருக்கு நேர் கலக்காதீர்கள், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலந்து, பிறகு ஹார்ட்னர். அவசரத்துக்கு ஹார்ட்னரைக் கூட்டினால் சூடேறி வெள்ளை பூத்து நொறுங்கும்.

---

அகஸ்தியம்பள்ளி_பாத்தி

உப்பளத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் பக்கம் உற்பத்தி ஜனவரியில் தொடங்கி மழை வரும்வரை. கஜா நவம்பரில் வந்ததால் பாத்தியில் உப்பு இல்லை; மழைக்கு முன் குவித்துக் கீற்று போட்டு மூடியிருந்த அம்பாரம்தான் போனது. பார்வைக்கு அவ்வளவுதான் சேதம். உண்மையான சேதம் கடல்நீரோடு வந்து படிந்த சேறு.

பாத்தித் தளம் என்பது வெறும் மண் அல்ல. வருஷக்கணக்காக மிதித்து இறுக்கிய களி. அதன்மேல் புதுச்சேறு நின்றால் உப்பு பழுப்பாக வரும், தண்ணீர் உறிஞ்சும். ஈரமாக இருக்கும்போதே வழித்துத் தள்ளினால் பழைய தளமும் சேர்ந்து பெயரும். முழுக்கக் காய்ந்தால் வெடித்துப் பாளம் பாளமாகத் தளத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், மேல்தோல் இறுகிக் கால் பதியாத பதத்தில் மண்வெட்டியால் சீவணும். அந்தப் பதம் நாலைந்து நாள்தான் நிற்கும், இடையில் மழை வந்தால் மறுபடி காத்திருக்கணும். பிறகு உப்புநீர் விட்டு மிதிப்பு. முதல் வடிப்பு உப்பைத் தனியாக வைத்துவிடணும், கருவாட்டுக்குப் போகும். கடல்நீர் 3 டிகிரி போமேயில் (உப்புநீரின் அடர்த்தி அளவு) வருகிறது, உப்பு 25-இல் விழுகிறது. வரப்பு ஒரு இடத்தில் கசிந்தாலும் அந்த 25 வராது. அதனால் பாத்திக்கு முன் வரப்பு, வரப்புக்கு முன் கடல் பக்கத்துக் கரை. பலர் தலைகீழாக ஆரம்பித்து ஒரு மாதம் இழந்தார்கள்.

---

தார்பாய்_கணக்கு

தார்பாய் கேட்டுத்தான் எல்லா ஊரும் நின்றது, கட்டத் தெரிந்தவர்கள் குறைவு. மூலையில் இருக்கும் வளையத்தில் கயிறு கட்டினால் முதல் காற்றில் வளையம் பிய்யும். விளிம்பை மூங்கிலில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அந்த மூங்கிலைக் கூரைக் கழியோடு கட்டணும். நடுவில் கட்ட வேண்டிய இடத்தில் துளை போடாதீர்கள். உள்பக்கம் ஒரு கூழாங்கல்லை வைத்து, வெளியே கழுத்து மாதிரி முடிந்து, அந்தக் கழுத்தில் கயிறு போடுங்கள். முகட்டைத் தாண்டி மறுபக்கம் 4 அடியாவது இறங்கணும். மேலே செங்கல் அடுக்கினால் அடுத்த காற்றில் அது யார் தலையிலோ விழும். நைலான் கயிறு நனைந்தால் தளரும், தேங்காய்நார்க் கயிறு நனைந்தால் இறுகும்.

ஆஸ்பெஸ்டாஸ் உடைசலைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு அள்ளுங்கள், உடைத்துச் சின்னதாக்க வேண்டாம், தூள் நெஞ்சுக்கு ஆகாது. புது ஷீட்டு போடும்போது ஓரத்து ஷீட்டுக்கு ஜே போல்ட் இரட்டிப்பு. காற்று ஓரத்தில்தான் முதலில் நகம் வைக்கும்.

---

செம்போடை_டீக்கடை

மாடு செத்ததுக்கு?

---

கோடியக்காடு_மணல்

அப்போது நிவாரணம் மாட்டுக்கு 30,000 ரூபாய், ஆட்டுக்கு 3,000 என்று இருந்தது. கால்நடை மருத்துவர் சான்று வேண்டும், அவர் வருவதற்குள் நாறிவிடும். காது வில்லையோடு முகம் தெரியப் போட்டோ, இரண்டு சாட்சி, வி.ஏ.ஓ.வுக்குத் தகவல், பிறகு புதைத்துவிடுங்கள். 6 அடிக்கு மேல் குழி, கிணற்றிலிருந்து தள்ளி, மேட்டுப்பாங்கான இடம், மேலும் கீழும் சுண்ணாம்பு. மணல்மேட்டில் 4 அடியிலேயே தண்ணீர் ஊறும் இடத்தில் தோண்டாதீர்கள், அது நேரே நாம் குடிக்கிற நல்ல தண்ணீர்த் தட்டில் கலக்கும்.

---

மல்லி_கொல்லை

மல்லிகை, மா, புகையிலைக் கொல்லையில் உப்புநீர் நின்றவர்களுக்கு: முதலில் வடிகால் வெட்டுங்கள், ஜிப்சத்துக்கு ஓடாதீர்கள். மணல் நிலத்தில் நாலு நல்ல மழை உப்பைக் கீழே இறக்கிவிடும். ஜிப்சம் களி நிலத்துக்கு, தலைஞாயிறு பக்கத்து வயலுக்கு. அதுவும் வடிகால் இருந்தால்தான். தண்ணீர் வெளியேற வழியில்லாத வயலில் போட்ட ஜிப்சம் வீண் செலவு. இலை கருகிய மல்லிகையை உடனே பிடுங்காதீர்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து பண்ணி ஒரு மாதம் பாருங்கள். தண்டைக் கீறினால் உள்ளே பச்சை இருந்தால் துளிர்க்கும்.

---

பேராவூரணி_தோப்பு

வண்டுக்கார அண்ணே, புதுக்கன்னு நட்டவங்களுக்கு ஒண்ணு சொல்லுங்க. 25-க்கு 25 அடி, 3 அடி குழின்னு நட்டாச்சு. பழைய அடிக்கட்டை பக்கத்துலயே நிக்குது. அதைத் தோண்டி எடுக்க ஜேசிபி வாடகை கட்டுப்படியாகல. அப்படியே விடலாமா?

---

வண்டுக்காரர்

விடக்கூடாது, ஆனால் தோண்டவும் வேண்டாம். தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டு, நடுச்சோற்றைக் கடப்பாரையால் குடைந்து குழியாக்கி, அதில் மெட்டாரைசியம் கலந்த தொழுவுரத்தைப் போட்டு மண்ணால் மூடுங்கள். முட்டையிட வரும் வண்டுக்கு அதுவே பொறி. கன்று குழியை அடிக்கட்டையிலிருந்து 6 அடியாவது தள்ளி வையுங்கள். கன்றின் குருத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். மென்ற நார் வெளியே துருத்தியிருந்தால் கம்பிக் கொக்கியை உள்ளே விட்டு வண்டைக் குத்தி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் அடைத்துவிடுங்கள்.